பதினேழும் முதுகு காட்டின

4

பர்வான் எதையும் நம்பாத ஆள். வானிலை அறிக்கையை நம்பமாட்டார். பளபளக்கும் ஷூ போட்டவனை நம்பமாட்டார். கேட்காமலே உண்மையைச் சொல்கிறவனை அறவே நம்பமாட்டார். அந்த ஒரு தகுதிக்காகத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி அவரை வைத்திருந்தது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. நாற்பது வருஷம் இரும்புத் தூண் நிறுத்தினார். இப்போது அறுபத்தெட்டு வயதில், அடுத்தவன் நிறுத்திய தூண்களைப் பார்த்து யார்மேல் தப்பு என்று சொல்வது வேலை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பெர்னிக் ஊரின் புது விளையாட்டு அரங்கத்துக்கு நடுவில் நின்றார். அரங்கம் என்று சொன்னால் அது மரியாதை. கூரை கிடையாது, சுவர் கிடையாது. பக்கத்துக்கு ஒன்பதாக இரண்டு வரிசை இரும்புத் தூண்கள் மட்டும், மார்ச் மாதக் காற்றில் நின்றன.

ஒவ்வொரு தூணின் உச்சிக்கும் சற்றுக் கீழே ஒரு பிராக்கெட். கூரை உத்தரம் வந்து உட்கார வேண்டிய இடம். உத்தரம் உள்பக்கம்தான் வரும். பிராக்கெட்டுகளோ வெளியே, வித்தோஷா மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

"விருந்தாளி முன்வாசல்ல நிக்கறான். வீட்டுக்காரங்க வரவேற்க ரொட்டியும் உப்பும் வச்சுக்கிட்டுக் கொல்லைப்பக்கம் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாள் கலினா, சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு.

கலினாவுக்கு நாற்பத்து நாலு வயது. பதினைந்து வருஷம் தலைநகர் சோபியாவில் கம்ப்யூட்டரில் கட்டடம் வரைந்தவள். மூன்று ஆபீஸ்களில் வேலை போனது. மூன்றிலும் காரணம் வாய். பர்வானுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அதனால் அவளை வைத்துக்கொண்டார். அவருக்கு அது தெரியாததால் தன்னோடு வாதாட மாட்டார் என்று அவளும் வந்து சேர்ந்தாள்.

பர்வான் ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். கடைசித் தூண், டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே நின்றுவிட்டார்.

"இங்க பாரு. இது மட்டும் உள்ள பாத்துக்கிட்டு ஒழுங்கா நிக்குது."

"பதினேழு பேர் தப்பாப் போறப்ப ஒருத்தன் மட்டும் ஒழுங்கா இருந்தா, அவனைத்தான் முதல்ல பிடிப்பாங்க மேஸ்திரி. நான் வேலை பாத்த ஆபீஸ்ல எல்லாம் அப்படித்தான்."

"பதினேழு ஏன் திரும்புச்சுன்னு எல்லாரும் கேட்டாச்சு. பதினெட்டாவது ஏன் திரும்பலைன்னு எவனாவது கேட்டானா?"

"கேக்கறதுக்கு உங்கள மாதிரி சந்தேகப் பிராணி வேணுமே."

பர்வான் அந்தத் தூணின் காலடியில் குந்தினார். முட்டி இரண்டும் முனகின. சதுரத் தகடு, நாலு மூலையில் நாலு நட்டு. அடியில் சிமெண்ட் இன்னும் ஊற்றவில்லை. ஒரு நட்டை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்தார்.

தள வேலைக்குத் தலைவன் ரங்கெல், கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான்.

"என்னடா அது?"

"வெட்டறதுக்கு மேஸ்திரி. பிராக்கெட் எல்லாத்தையும் அறுத்துத் திருப்பி வெல்டு வைக்கணுமாம். இன்ஜினியர் ஸ்டொய்லோவ் போன்ல சொன்னார். சாப்பாடு முடிஞ்சதும் ஆரம்பிக்கறோம்."

"நான் சொல்ற வரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே இரு."

ரங்கெல் யோசித்தான். "இந்த உத்தரவுல கஷ்டம் ஒண்ணும் இல்ல மேஸ்திரி" என்றான்.

*

மெத்தோதி ஸ்டொய்லோவின் ஆபீஸ், மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. நாலு மேஜை, நாலு கம்ப்யூட்டர், ஒரு காப்பி மெஷின். ஸ்டொய்லோவுக்கு வெள்ளி முடி, வெண்கலக் குரல். ஷூவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். பர்வானுக்கு அங்கேயே பிடிக்காமல் போயிற்று.

"வாங்க மேஸ்திரி, வாங்க! உங்களுக்குச் சிரமமே இல்ல. எல்லாம் தயாரா இருக்கு." ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். "டிசம்பர் இருபது, பகல் பதினொன்னு இருபத்தஞ்சு. அந்தப் பிராக்கெட் ஜாயின்ட்டு எல்லாம் மாத்தினது இஸ்க்ரா பலிகரோவா. மெஷினே பேரு எழுதி வச்சிருக்கு. கவனக் குறைவு. பொண்ணு ஒத்துக்கிட்டா. நாலு மணிக்கு இதுல கையெழுத்துப் போடுவா. நீங்களும் போட்டா, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"நீங்க அதுல ஒண்ணும் தொடலையா சார்?"

"நானா?" ஸ்டொய்லோவ் சிரித்தார். "பதினோரு வருஷமா நான் மௌஸைத் தொட்டதே கிடையாது. நான் யோசிக்கிறேன். பிள்ளைங்க வரையறாங்க."

பர்வான் அந்தத் தாளை முழுதாகப் படித்தார். மெதுவாகத்தான் படிப்பார், ஆனால் எதையும் விடமாட்டார். ஊழியர் தப்பு என்றால் இன்சூரன்ஸ் உண்டு. வரைபடத்துக்கு முத்திரை குத்தின பிறகு முதலாளியே அதில் கை வைத்தால் கிடையாது. அது தாளில் எழுதியிருக்கவில்லை. அது பர்வானுக்குத் தெரியும்.

இஸ்க்ரா மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம்.

"கையெழுத்துப் போடப் போறியாம்மா?"

அந்த நாட்டு வழக்கப்படி, ஆமாம் என்று தலையை இடமும் வலமும் ஆட்டினாள். "போட்டா வேலை மட்டும் போகும். போடலைன்னா இன்ஜினியர் சங்கத்துல புகார் கொடுப்பாராம். சான்றிதழும் போயிடும். அப்புறம் இந்த நாட்டுல நான் ஒரு நாய்க்கூண்டு கூட வரைய முடியாது."

"நீ செஞ்சியா?"

"பேரு என்னுதுதான் மேஸ்திரி."

"பேரைக் கேக்கல. கையைக் கேக்கறேன்."

அவள் கையைப் பார்த்தாள், ஏதோ அது சாட்சி சொல்லப்போவது போல. "செஞ்ச ஞாபகம் இல்ல. ஆனா அன்னிக்கு எனக்குப் பேர்நாள், என் பேருக்குரிய புனிதரோட நாள். ஒரு பெரிய தட்டு பனித்ஸா, பாலாடைக்கட்டி வச்ச பணியாரம், சுட்டுக் கொண்டு வந்தேன். சமையலறையில வெட்டி வெட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். மெஷினைப் பூட்டாமப் போயிட்டேன். அதுவும் தப்புதானே? பூட்டாமப் போகக்கூடாதுன்னு சுவத்துல எழுதியே ஒட்டியிருக்கு."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு தொடங்கி பன்னண்டு வரைக்கும். எல்லாரும் வந்தாங்க, போனாங்க. யார் எப்ப வந்தாங்கன்னு யார் பாத்தா?"

பர்வானுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. உடனே சந்தேகமும் வந்தது. தப்பை இவ்வளவு சுலபமாகத் தோளில் போட்டுக்கொள்கிறவள், வேறு எதையோ மறைக்கிறாளோ? அவருக்கு இது வழக்கம்தான். சொந்தப் பெண்டாட்டி சூப்பில் உப்புப் போட்டேன் என்று சொன்னாலும் ருசி பார்ப்பார்.

"கலினா, மெஷினைத் திற."

*

திரையில் அரங்கம் எழுந்து நின்றது. கலினா அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். பர்வான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஜாயின்ட்டுக்குத் தானாத் திசை தெரியாது மேஸ்திரி. தூணுக்கு முகம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமா உக்காரும். பெரிய வீட்டு மருமக மாதிரி."

"தூணுக்கு ஏது முகம்? எச் எழுத்து மாதிரி இரும்பு. முன்னும் பின்னும் ஒண்ணுதான். நாப்பது வருஷம் கட்டிப் பிடிச்சிருக்கேன்."

"நீங்க கட்டிப் பிடிச்சா ஒண்ணுதான். மெஷினுக்கு அப்படி இல்ல. வரையற கை எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு ஞாபகம் வச்சுக்கும். அதை வச்சுத்தான் எது முகம், எது முதுகுன்னு முடிவு பண்ணும். கீழேர்ந்து மேல வரைஞ்சா ஒரு பக்கம் முகம். மேலேர்ந்து கீழ வரைஞ்சா அதே பக்கம் முதுகு."

"அது எப்படி நமக்குத் தெரியும்?"

கலினா ஒரு தூணைத் தொட்டாள். இரண்டு நுனியிலும் புள்ளிகள் மின்னின. "மஞ்சப் புள்ளியில ஆரம்பம். ரோஸ் புள்ளியில முடிவு."

பர்வான் விரலால் திரையைத் தொட்டு எண்ணினார். திரையில் கைரேகை விழுந்தது. பதினேழு தூண்களுக்கு மஞ்சள் உச்சியில் இருந்தது. டிக்கெட் ஜன்னல் தூணுக்கு மட்டும் காலடியில்.

"மத்ததெல்லாம்? படிக்கட்டு, டிக்கெட் அறை?"

"எல்லாமே மஞ்ச கீழதான். எல்லாம் இஸ்க்ரா வரைஞ்சது."

"அப்போ ஜாயின்ட்ட எவனும் திருப்பல." பர்வான் நிமிர்ந்தார். "தூணை அழிச்சுட்டு எவனோ புதுசா வரைஞ்சிருக்கான். அதுவும் தலைகீழா."

கலினா ஏற்கெனவே பழைய கோப்புகளைக் கிளறிக்கொண்டிருந்தாள். விதை மெல்வது நின்றிருந்தது. அவள் மெல்லாமல் இருந்தால் விஷயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"இதோ. டிசம்பர் இருபது காலையில தளத்துலேர்ந்து தகவல். அஸ்திவாரக் குழி இருபது சென்டிமீட்டர் ஆழமாயிடுச்சு. தூணெல்லாம் அவ்வளவு நீளணும். டிக்கெட் ஜன்னல் பக்கம் மட்டும் பழைய கான்கிரீட், அங்க மாத்தம் இல்ல. அதான் பதினெட்டாவதை எவனும் தொடல. நீட்டினாப் போதும், இவன் அழிச்சுட்டு வரைஞ்சிருக்கான். நீட்டத் தெரியாதவன். ஜாயின்ட்டை அதே அளவுல திரும்ப மாட்டியிருக்கான். அது பாவம், முகம்னு நெனச்சு முதுகுல போய் உக்காந்துடுச்சு."

"கட்டடக்காரன் எவனும் தூணை மேலேர்ந்து ஆரம்பிக்க மாட்டான்."

"லூபென்" என்றாள் கலினா தாழ்ந்த குரலில். எதிர் மேஜையில் காதில் ஹெட்போனோடு இருந்த இளைஞனைக் கண்ணால் காட்டினாள். "இஸ்க்ராவோட ஜன்னலோர இடத்து மேல அவனுக்கு ரெண்டு வருஷமாக் கண்ணாம். காப்பி மெஷின்கிட்ட சொன்னாங்க. ஒரு காப்பி பந்தயம்."

பர்வான் மருந்துக் கடை ரசீது ஒன்றையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு லூபெனிடம் போனார்.

"தம்பி, நான் படிக்காதவன். அந்தத் தப்பான ஜாயின்ட்டு எப்படியிருக்குன்னு ஒரு படம் போட்டுக் கொடேன்."

லூபென் ஹெட்போனைக் கழற்றாமலே வரைந்தான். முதலில் தரை. தரையிலிருந்து மேலே ஒரு தூண். அப்புறம் பிராக்கெட். உச்சியில், யாரும் கேட்காமலே, ஒரு நாரை.

"காப்பி நான் வாங்கித் தரேன்" என்றாள் கலினா. "நாரைக்காக."

இஸ்க்ராவும் வரைந்தாள். அவள் கோடும் தரையிலிருந்துதான் கிளம்பியது. பர்வான் அவள்மேல் வைத்திருந்த சந்தேகத்தை எடுத்து வேறிடத்தில் வைத்தார். தூக்கிப் போடவில்லை.

*

மூன்று மணிக்கு ஸ்டொய்லோவின் அறைக்குள் போனார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"சார், கம்பெனிக்கு அறிக்கை எழுதணும். எனக்கு எழுத்தும் சரியா வராது, படமும் வராது. நீங்க ஒரு கோடு போட்டுக் கொடுத்தா..."

"அதுக்கென்ன மேஸ்திரி! உக்காருங்க."

படிக்காதவனுக்குப் படம் போட்டுக் காட்டுவதில் படித்தவனுக்கு வருகிற சந்தோஷம் தனி. ஸ்டொய்லோவ் தங்க முனைப் பேனாவைத் திறந்தார். தாளின் உச்சியில் ஒரு சின்னக் கோடு. அதிலிருந்து பேனா நேராகக் கீழே இறங்கியது, கயிற்றில் இறக்கிவிட்டது போல. கடைசியில், அடியில், தரை.

"அழகா இருக்கு சார். எந்தச் சுரங்கத்துல வேலை கத்துக்கிட்டீங்க?"

ஸ்டொய்லோவின் முகம் மலர்ந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? பதினாலு வருஷம்! சுரங்கக் குழிக்கு முட்டுச் சட்டம் எல்லாம் நான்தான் போட்டேன். மூடற வரைக்கும் இருந்தேன்."

"எங்கப்பாவும் குழிக்காரர்தான். அங்க எல்லாத்துக்கும் பூஜ்யம் மேலதான். குழி வாய்லேர்ந்து கீழ எண்ணிக்கிட்டே போவாங்க. வீட்டுல அலமாரி வரைஞ்சாக்கூட உச்சிலேர்ந்துதான் வரைவார். அம்மா திட்டுவா."

பேனா மேஜைமேல் மெல்லப் படுத்துக்கொண்டது.

பர்வான் கதவைத் திறந்தார். "கலினா, மெஷினை இந்தப் பக்கம் திருப்பு. இஸ்க்ரா, நீயும் வாம்மா. பதினேழு மஞ்சப் புள்ளி. எல்லாம் உச்சியில."

கலினா விளக்கிச் சொல்லி முடிக்கும்வரை ஸ்டொய்லோவ் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். வெண்கலத்தில் கொஞ்சம் விரிசல்.

"பெர்னிக்ல பாதிப் பேர் சுரங்கக்காரன், மேஸ்திரி."

"பாதிப் பேர் இந்த ஆபீஸ்ல பனித்ஸா தின்னலையே சார்."



"சரி" என்றார் ஸ்டொய்லோவ், கையை விரித்து. "அன்னிக்கு ஃபேக்டரிக்குப் பன்னண்டு மணிக்குள்ள அனுப்பணும். வாழ்த்துச் சொல்லலாம்னு வந்தேன். மெஷின் திறந்து கிடந்தது. எல்லாரும் தின்னுக்கிட்டிருந்தாங்க. நானே போட்டுட்டேன். கை தவறு. மனுஷனுக்கு வராதா? ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி சரி பாக்கறது அவ வேலை. பாக்கல. எப்படிப் பாத்தாலும் அந்தப் பிராக்கெட்டெல்லாம் அறுத்துத்தான் ஆகணும். யார் பேரு போட்டு அறுத்தா என்ன?"

"கை தவறை நான் மன்னிப்பேன் சார். எண்பத்தொன்பதுல நானே ஒரு தூணைத் தலைகீழா நிறுத்தியிருக்கேன். மூணு நாள் கழிச்சு ஒரு பால்காரன் வந்து சொன்னான்." பர்வான் தொப்பியைத் தலையில் வைத்தார். "எனக்குப் புரியாதது வேற. ஏன் அறுக்கணும்?"

"ஏன் அறுக்கணுமாவா?"

"நாலு நட்டு. சதுரத் தகடு. சிமெண்ட் ஊத்தல. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கற தூண். நட்டைக் கழட்டி, கிரேன்ல தூக்கி, தூணை அரை வட்டம் திருப்பி வச்சா பிராக்கெட் தானா உள்ள பாக்கும். எட்டாம் வகுப்பு படிச்ச எனக்குத் தளத்துல குந்தின உடனே தோணுச்சு. உங்களுக்குத் தோணலையா?"

கலினாவின் வாய் திறந்தது. ஒரு சொல்லும் வரவில்லை. அது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

"இல்ல" என்றார் ஸ்டொய்லோவ். "யாருக்குமே தோணல."

"நான் எழுதிக் கொடுத்தேனே" என்றாள் இஸ்க்ரா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"செவ்வாய்க்கிழமை. ரெண்டு பக்கம், படத்தோட. ஆணித் துளை கூட அளந்து சரி பார்த்தேன், திருப்பினாலும் பொருந்தும். உங்க மேஜையில வச்சேன் சார். 'இதெல்லாம் நடக்காது, நீ பேசாம கையெழுத்துப் போடு'ன்னு சொன்னீங்க. நான்கூட என் கணக்குதான் தப்போன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன்."

பர்வான் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் பெண் மறைத்தது ஒன்றும் இல்லை. சொன்னதை ஒருவன் மறைத்திருக்கிறான்.

"இப்பப் புரியுது" என்றார். "தூணைத் திருப்பினா, தூண் ஏன் திரும்பி நின்னுச்சுன்னு எல்லாரும் கேப்பாங்க. மெஷின்ல தூணைப் போய்ப் பாப்பாங்க. மஞ்சப் புள்ளி இருக்கும். பிராக்கெட்டை அறுத்தா பிராக்கெட் மட்டும்தான் குத்தவாளி. பிராக்கெட் இஸ்க்ரா பேருல இருக்கு. நல்ல இரும்பு பதினேழை அறுத்து, கூடவே ஒரு நல்ல பொண்ணையும் அறுக்கப் பாத்தீங்க. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து தெரிஞ்சே."

"யோசிக்கறது அவர், வரையறது பிள்ளைங்க" என்றாள் கலினா. பேச்சு திரும்பி வந்துவிட்டது. "பாவம், பிள்ளைங்க யோசிச்சுட்டாங்க."

ஸ்டொய்லோவ் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பர்வான் போனை எடுத்து மேஜைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி அமுக்கினார். "ரங்கெல், சாப்பிட்டாச்சா?"

"மூணாவது தடவை மேஸ்திரி."

"கேஸை மூடு. டிக்கெட் ஜன்னல் தூணுக்கு நேர் எதிர்த் தூணு இருக்கில்ல, அதோட நட்டைக் கழட்டி அரை வட்டம் திருப்பு. அப்புறம் முதல் உத்தரத்தைத் தூக்கி ரெண்டுக்கும் நடுவுல வை. ஒரு நுனி ஏற்கெனவே சரி."

 அந்தப் பக்கமிருந்து ஒரு கெட்ட வார்த்தை, மரியாதையோடு. "அட, தூணையே திருப்பறதா!"

போனை வைக்காமல் காத்திருந்தார்கள். கிரேனின் இரைச்சல் கேட்டது. யாரோ யாரையோ கழுதை என்றார்கள். சங்கிலி சரசரத்தது. லூபென் முதல்முறையாக ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றான். மணி மூன்றே முக்கால். அந்தத் தாள் இன்னும் மேஜையில்தான் கிடந்தது. இஸ்க்ரா அதைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எண்களை முணுமுணுத்தது. துளைக்குத் துளை எத்தனை மில்லிமீட்டர் என்று அவள் இன்னொரு தடவை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மணி நாலைத் தாண்டியது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கால் மணி கழித்துக் கனமாக ஒரு சத்தம். இரும்பின்மேல் இரும்பு வந்து இறங்கிய சத்தம். அப்புறம் ரங்கெலின் கூச்சல்.

"உக்காந்துடுச்சு! போல்ட்டு வெண்ணெயில கத்தி மாதிரி எறங்குது! மேஸ்திரி, மீதி பதினாறையும் திருப்பிடவா?"

"திருப்பு."

"திருப்பறேன். ஆனா உத்தரவுப் புத்தகத்துல எழுதணுமே. தூணைத் திருப்பச் சொன்னது யாருன்னு பேரு போடணும். யார் பேரு போடட்டும்?"

ஸ்டொய்லோவ் ஜன்னலிலிருந்து திரும்பினார். தொண்டையைச் செருமினார். பிள்ளைகள் வேலைக்குத் தன் பேரைச் சொல்கிற பதினோரு வருஷப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. பர்வான் அவரைப் பார்த்தார். வாய் அப்படியே நின்றது.

"இஸ்க்ரா பலிகரோவா" என்றாள் இஸ்க்ரா.

"இங்க கிரேன் சத்தம், சரியாக் கேக்கல. யாரு?"

அவள் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தாள். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, ரங்கெலின் பேனாவுக்கு நேரம் கொடுத்து, இன்னொரு தடவை சொன்னாள்.